இசட் குரோமோசோமின் தலைமையிடம்

உயிர்கள் ஏன் ஆணும் பெண்ணுமாகப் பிரிந்தன என்ற ஆதிக் கேள்விக்கு விடை காணும் பொறுப்பைக் காலம் காஞ்சி மாநகரத்திடம் ஒப்படைத்திருக்கிறது. போகிறபோக்கில் யாரோ சொன்ன பேச்சல்ல இது. ஓரிக்கை போகிற சாலையில், பட்டுப்பூச்சி மரபியல் உயராய்வு நிலையத்தின் வாசலில், கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தால் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு முன்னால் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதால், ‘ஒப்படைத்திருக்கிறது’ என்ற கடைசிச் சொல் மட்டும்தான் சாலையிலிருந்து தெரியும். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அது பூச்சி ஆபீஸ் ஸ்டாப்பிங்.

காஞ்சிபுரத்தில் பட்டு உண்டு, பட்டுப்பூச்சி கிடையாது. நூல் வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பூச்சியை நேரில் பார்த்த நெசவாளியை ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் நிலையம் இங்கேதான் வந்தது. இடம் பார்க்க அமைத்த குழு நாலைந்து ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் திட்டத்தோடு கிளம்பி, முதல் ஊராகக் காஞ்சிக்கு வந்தது. குழுவினர் தங்கள் வீட்டம்மாக்களையும் அழைத்து வந்திருந்தார்கள். காலையில் கோயில்கள், மத்தியானம் புடவைக் கடை. சாயங்காலம் ஆனபோது, மேற்கொண்டு எந்த ஊரையும் பார்க்கத் தேவையில்லை என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

நிலையத்தில் எல்லாம் இருந்தன. ஒரே ஒரு ஜீப்புக்குப் போக்குவரத்துப் பிரிவு இருந்தது. கேன்டீன் இல்லையென்றாலும் கேன்டீன் மேற்பார்வைக் குழு இருந்தது. விஞ்ஞானி ஒருவன் இருந்தான். அவன் பெயர் கலைவாணன்.

கலைவாணனுக்குச் சொந்த ஊர் மாகறல். நெல் போடுகிற குடும்பம். மகன் பூச்சி டாக்டர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்ததால், பொங்கலுக்குப் போனால் யாராவது ஒருவர் சொத்தைக் கத்தரிக்காயோடு வந்து நிற்பார். “அது வேற பூச்சி மாமா, நான் பாக்கிறது வேற பூச்சி” என்பான். “பூச்சி பூச்சிதானப்பா” என்று அவர் கத்தரிக்காயை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தான். கீழே தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தறி நிற்கிற வேளையில்தான் மாடியில் தான் ஒருத்தன் மட்டும் இருப்பது உறைக்கும். உடனே எழுந்து எதையாவது தாளிக்க ஆரம்பிப்பான்.

முன்பு விஞ்ஞானிகள் இரண்டு பேர். இன்னொருத்தி சந்தியா, வாலாஜாபாத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள், மற்ற நாட்களில் அதே பாட்டைப் புழுக்களுக்குப் பாடுவாள். இரண்டு பேருமாகப் பல வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அல்லது, வேறு நாட்டில் வேறு யாரோ கண்டுபிடித்ததைத் தங்கள் பூச்சியிலும் உறுதி செய்தார்கள். சந்தியா இரண்டாவது விதமாகத்தான் சொல்வாள்.

விஷயம் இதுதான். மனிதரில் ஆணுக்குத்தான் ஜோடி பொருந்தாத குரோமோசோம். பட்டுப்பூச்சியில் பெண்ணுக்கு. ஆண் பூச்சிக்கு இசட் இரண்டு. பெண் பூச்சிக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. பூச்சியின் மரபணுக்களில் சில ஆணின் உடம்பில் ஓங்கி வேலை செய்யும், சில பெண்ணின் உடம்பில். அவை எல்லாக் குரோமோசோம்களிலும் ஒரே அளவாகப் பரவியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஆணுக்காக ஓங்கி வேலை செய்கிற மரபணுக்கள் இசட்டில் வந்து அடைந்துகிடக்கின்றன. டபிள்யூவில் சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இல்லை. பழைய துண்டு துணுக்குகள் குவிந்த பரண் அது. ஆனால் அந்தப் பரணில் ஒரு மூலையில் ஒரு சின்னப் பொருள் கிடக்கிறது. அது இல்லாவிட்டால் பெண் என்பதே கிடையாது.

சந்தியா உண்டாக்கிய வம்சம் ஒன்று இருந்தது. அதில் பெண் புழுவுக்கு மட்டும் முதுகில் வரிவரியாகக் கோடு விழும். ஆண் புழு வெள்ளை வெளேரென்று இருக்கும். வேறு எங்கோ இருந்த கோட்டு மரபணு டபிள்யூவில் வந்து ஒட்டிக்கொண்ட புழுவைத் தேடிப் பிடித்துப் பெருக்கியிருந்தாள். பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டது. போகிற அன்று அந்தப் புழுத் தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

“கலை, இதுங்கள மட்டும் பாத்துக்கோ. ஒரு தலைமுறை விட்டுப்போச்சுன்னா அவ்ளோதான், திரும்பக் கெடைக்காது.”

வருடம் ஒரு தலைமுறை. பூச்சி ஜோடி சேர்ந்து முட்டையிடும். இடும்போது மஞ்சளாக இருக்கும். கருக்கொண்ட முட்டையானால் ஓரிரு நாளில் கறுக்கும். கருக்கொள்ளாதது மஞ்சளாகவே இருந்து சுருங்கிப்போகும். அந்தச் சமயம் பார்த்துச் சந்தியாவிடமிருந்து போனில் ஒரு செய்தி வரும்: “கறுத்துச்சா?” கலைவாணன் ஒரு படம் அனுப்புவான். “அப்பாடா” என்று பதில் வரும். அதோடு அடுத்த வருடம்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனே மறுத்திருப்பான்.

கெட்ட நேரம் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் தொடங்கியது. மேலிடத்துக் குழு வந்திருந்தது. கலைவாணன் திரையில் படம் போட்டுக் கண்டுபிடிப்பை விளக்கினான். குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆண் சார்ந்த மரபணு எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சிருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. டபிள்யூல காலின்னும் சொல்றீங்க. நிலையம் என்ன நடவடிக்கை எடுத்துது?”

“சார், இது நாம செஞ்சது இல்ல. பல கோடி வருஷமா அப்பிடித்தான் இருக்குது.”

“கோடி வருஷமா நிலுவையிலயா?”

இயக்குநர் கோதண்டபாணிக்கு வியர்த்தது. அவர் முன்பு உப்பு ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர், அதற்கு முன்பு மீனுக்கு. பூச்சி இறகின் தூள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். அதனால் பதவியேற்ற நாள் முதல் பூச்சிக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. “உடனடியா சமநிலைக் கண்காணிப்புக் கொண்டுவர்றோம் சார்” என்றார். அப்படி ஒன்று உண்டு என்பது அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

சமநிலைக் கண்காணிப்பு வந்தது. ஒரே கூடமாக இருந்தது இரண்டானது. கிழக்கே ஆண் பிரிவு, மேற்கே பெண் பிரிவு, நடுவில் தாழ்வாரமும் கம்பிக் கதவும். ஆண் சார்ந்த மரபணுக்களுக்கு ஆண் பிரிவு பொறுப்பு, பெண் சார்ந்தவைக்குப் பெண் பிரிவு பொறுப்பு. புழுக்களைப் பிரிப்பது எளிதாக இருந்தது. கோடு போட்டது மேற்கே, போடாதது கிழக்கே. காவலாளி சிட்டிபாபுவே அரை மணியில் பிரித்துக் கொடுத்துவிட்டான். “சந்தியாம்மா நல்ல வேலை பண்ணிட்டுப் போயிருக்காங்க சார். யூனிபாரம் போட்ட மாதிரி இருக்குது” என்றான்.

பெண் பிரிவில் விஞ்ஞானி இல்லாததால், ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த சம்பூர்ணம் அம்மாள் கூடுதல் பொறுப்பேற்றார். மேற்குச் சாவி அவர் கைப்பைக்குள் போயிற்று. ஒரு பிரிவுப் பூச்சியோ ஆளோ இன்னொரு பிரிவுக்குள் வரவேண்டுமென்றால் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். புழுவெல்லாம் கூடு கட்டிய பிறகுதான் முதல் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்தது. அதில் வேறொரு சிக்கல் முளைத்தது.

“சார், ஒரு டவுட்” என்றார் சம்பூர்ணம். “என் பிரிவுப் பூச்சிக்குள்ளயும் ஒரு இசட் இருக்குதாமே? அதுல ஆண் சார்ந்த மரபணு இருக்குதாமே? அது யார் பொறுப்பு?”

கோதண்டபாணி கலைவாணனைப் பார்த்தார். கலைவாணனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வருடக்கணக்கில் அவனிடம் யாரும் இசட்டைப் பற்றிக் கேட்டதில்லை. எழுந்து நின்று சொன்னான்.

“அதுதான் சார் சுவாரசியமே. ஒவ்வொரு ஆணுக்கும் இசட் ரெண்டு, பெண்ணுக்கு ஒண்ணு. அப்போ தலைமுறை தலைமுறையாப் பாத்தா, ஒரு இசட் தன் காலத்துல மூணுல ரெண்டு பங்கு ஆண் உடம்புலதான் கழிக்குது. அதனால ஆணுக்கு உதவுற மாதிரியே பழகிப்போயிருக்கலாம்னு ஒரு கருத்து. பழ ஈயில பாருங்க, இதுக்கு நேர்மாறு. அங்க எக்ஸ் பெரும்பாலும் பெண்கிட்ட இருக்குது, ஆண் மரபணுவெல்லாம் அதைவிட்டு விலகி வேற எடத்துல...”

“இருங்க, இருங்க” என்றார் இயக்குநர். முகம் தெளிந்துவிட்டது. “மூணுல ரெண்டு பங்கு காலம் ஆண்கிட்ட. அப்போ இசட்டுக்குத் தலைமையிடம் ஆண் பிரிவு. பெண் பிரிவுல இருக்கிறது டெபுடேஷன். சரிதானே?”

“சார், அது வந்து...”

“டெபுடேஷன்ல வந்தவங்க மேல எங்களுக்கும் கன்ட்ரோல் வேணும் சார்” என்றார் சம்பூர்ணம். “சாப்பாடு எங்க இலையில, சம்பள சர்டிபிகேட் அவங்க பிரிவுலன்னா எப்பிடி?”

“நியாயம். ரெட்டைக் கட்டுப்பாடு. அடுத்து அந்த டபிள்யூ. அதுல ஒண்ணுமே இல்லன்னா எதுக்கு வெச்சுக்கினு இருக்கோம்? சரண்டர் பண்ணிடலாமே.”

“அதுல ஒண்ணே ஒண்ணு இருக்குது சார். அது இல்லன்னா பெண்ணே இல்ல.”

“ஒரே ஒரு ஆளுக்கு ஒரு முழு குரோமோசோமா?”

சம்பூர்ணம் மேசையைப் பார்த்தபடி, “என் பிரிவுலகூட நான் ஒருத்திதான் சார் இருக்கேன்” என்றார்.

டபிள்யூ தப்பித்தது. பழ ஈயில் விஷயம் நேர்மாறாக இருப்பதால் அங்கிருந்து முன்னுதாரணம் கேட்டு எழுதுவது என்று தீர்மானமாயிற்று. எங்கே எழுதுவது என்று கலைவாணன் கேட்டான். ஈ ஆபீஸுக்கு என்றார்கள்.

சில நாளில் கூடுகளை உடைத்துக்கொண்டு பூச்சிகள் வெளியே வந்தன.

பட்டுப்பூச்சிக்கு இறகு உண்டு, பறக்கத் தெரியாது. வாய் இருந்தும் தின்னாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் இருக்கும். அந்தக் கொஞ்ச நாளில் அதற்கு ஒரே ஒரு வேலைதான். பெண் பூச்சி இருந்த இடத்தில் இருந்தபடி ஒரு வாசனை விடும். மனித மூக்குக்கு அது எட்டாது. ஆண் பூச்சிக்கு எட்டும். தாழ்வாரத்தைத் தாண்டி, கம்பிக் கதவைத் தாண்டி அது கிழக்குக் கூடத்துக்கு வந்தது. தட்டுகளில் இருந்த ஆண் பூச்சிகள் எல்லாம் மேற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இறகடித்தன. சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். கலைவாணன் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவற்றோடு உட்கார்ந்து, அவனும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

அன்றைக்கே இயக்குநரிடம் போய்க் கேட்டான். “ரெண்டு பிரிவையும் தொறந்து ஜோடி சேத்தாகணும் சார். பூச்சிக்கு நாள் கம்மி.”

“ஜோடி சேரணுமா?” கோதண்டபாணி நாற்காலியில் நிமிர்ந்தார். இரண்டு பிரிவும் சேர்ந்து ஏதாவது செய்ததாக மேலிடத்துக்குக் காட்ட அவர் வழி தேடிக்கொண்டிருந்த நேரம். “அருமையான சப்ஜெக்ட்டுப்பா. கோயில் ஊர். ரெண்டு தரப்பு. ஒரு விழாவாவே எடுத்துடலாம். மேலிடத்து ஆலோசகர் ஐயாவைக் கூப்பிடலாம்.”

“விழா வேணாம் சார். சாவி போதும்.”

“சாவிய சும்மா குடுத்தா ஆடிட்ல கேப்பான். விழாவுல குடுத்தா கைதட்டுவான்.”

கல்யாணப் பத்திரிகை மாதிரியே அழைப்பிதழ் அச்சானது. ‘இரு பிரிவாரும்’ என்று மேலே போட்டு, மஞ்சள் தடவி வந்தது. கிழக்குப் பிரிவுக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் கலைவாணனுக்கு ஒரு பட்டு வேட்டி பரிந்துரையாகி, பிறகு செயற்கை இழை வேட்டியாகக் குறைக்கப்பட்டது. குறித்த நாளில் ஆலோசகர் வரவில்லை. சாமி புறப்பாட்டுக்காக வண்டிகளை மறித்திருந்தார்கள், அவர் பாதியிலேயே இறங்கித் தரிசனத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அவருக்குப் புடவைக் கடையில் வேலை இருந்தது. விழா அதற்கும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயிற்று. இதற்குள் மேற்குக் கூடத்தில் பெண் பூச்சிகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியிருந்தன.

“இன்னா தம்பி இது, ஒண்ணொண்ணா மல்லாந்துக்கினு இருக்குதுங்க. பாக்க முடியல” என்று கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சம்பூர்ணம் சொன்னார்.

“ஒண்ணே ஒண்ணு குடுங்க மேடம். ஒரு ஜோடி போதும், வம்சம் பொழைச்சுக்கும்.”

“ரூல் பிரகாரம் தரக் கூடாது.” சம்பூர்ணம் யோசித்தார். “எனக்குத் தாகமா இருக்குது. நான் போய் தண்ணி குடிச்சுட்டு வரேன். ஒரு தட்டு கதவோரமா இருந்து, அதுல ஒண்ணு கம்பிக்கு வெளியே நீட்டிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது?”

இப்படியாக விழா நாள் காலையில், கலைவாணனின் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒரு பெண் பூச்சி வந்து சேர்ந்தது. மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தான். பெருமூச்சு விட்டுக் கிழக்குக் கூடத்தைத் திறந்தான். தட்டுகள் எல்லாம் காலியாக இருந்தன.

“எல்லாத்தையும் மேடைக்குத் தூக்கினு போயாச்சு சார்” என்றான் சிட்டிபாபு. “கண்ணாடிப் பொட்டிக்குள்ள உட்டு, லைட்டுலாம் போட்டு, மாப்ளை கணக்கா வெச்சிருக்காங்க.”

பந்தலுக்கு ஓடினான். மேடையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் ஆண் பூச்சிகள் அத்தனையும். இன்னொன்றில் பெண் பூச்சியின் பெரிய வண்ணப்படம். பெண் பூச்சிகளை வெளியே கொண்டுவர இரட்டைக் கட்டுப்பாட்டின்படி வரவேண்டிய அனுமதி வந்து சேரவில்லை. ஓர் ஆண் பூச்சியை நைசாக எடுத்துவிடலாம் என்று கலைவாணன் மேடை ஓரமாக ஏறினான். கோதண்டபாணி பார்த்துவிட்டார்.

“வாங்க, வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு சேர் காலியா இருக்குது, போட்டோவுல பொக்கையாத் தெரியும். உக்காருங்க.”

இயக்குநருக்கும் ஆலோசகருக்கும் நடுவிலிருந்த நாற்காலி அது. முன்னால் மேசையில் பெயர்ப்பலகை: ‘முனைவர் சந்தியா, பெண் பிரிவு’. அவள் போய்ச் சில வருடமாயிற்று என்பது நிலையத்துக்கு இன்னும் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை. கலைவாணன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

நாதஸ்வரம் நின்றதும்தான் சத்தம் கேட்டது. பெட்டியின் மேல் வலையாகப் போட்டிருந்த இடைவெளி வழியே வாசனை போயிருக்க வேண்டும். ஆண் பூச்சிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கலைவாணன் பக்கம் திரும்பி, படபடவென்று இறகடித்துக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதின. கூட்டம் எழுந்து நின்று பார்த்தது.

“பாருங்கள்!” என்று ஒலிபெருக்கியைப் பிடுங்கினார் கோதண்டபாணி. “வாயில்லாப் பூச்சிகள்கூட ஆலோசகர் ஐயாவை அடையாளம் கண்டு வரவேற்கின்றன!”

ஆலோசகர் கும்பிட்டார். பதறிப்போன கலைவாணன் டப்பாவை மடியிலிருந்து இடப்பக்கம், இயக்குநர் ஓரமாக நகர்த்தினான். பூச்சிகளும் நகர்ந்து கோதண்டபாணிக்கு நேரே வந்து ஆடின. ஆலோசகரின் முகம் கொஞ்சம் வாடியது. “இன்னாய்யா பண்றீங்க?” என்று இயக்குநர் பல்லைக் கடித்தார். காரணம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் எது நடந்தாலும் கீழே இருப்பவன்தான் காரணம் என்ற பணிக்கால அனுபவம் இருந்தது. கலைவாணன் டப்பாவைக் கீழே வைத்து, ஆலோசகரின் செருப்புப் பக்கமாகக் காலால் தள்ளினான். பூச்சிகள் அவர் காலடியைப் பார்த்துக் குனிந்து இறகடித்தன. கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

ஆலோசகர் பேசினார்.

“பூச்சிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத துறைகளில்தான் என்னால் நடுநிலையோடு முடிவெடுக்க முடிகிறது என்று மேலிடம் பாராட்டியிருக்கிறது. இசட்டில் இவ்வளவு மரபணு, டபிள்யூவில் ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டு நேற்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். இசட்டில் இருப்பதில் சரிபாதி டபிள்யூவுக்கு மாற்றப்படும். என் பணிக்காலத்தில் நான் கையெழுத்துப் போட்டு மாறாத ஆளே கிடையாது. அழுதுகொண்டே போனவர்கள் உண்டு, போகாதவர்கள் இல்லை. மனிதர்கள் மாறுகிறார்கள், மரபணு மாறாதா? மாறியதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அறிக்கை வரும். அறிக்கையை நான் எப்போதும் நம்புகிறவன்.”

பிறகு ஆண் பூச்சிப் பெட்டிக்கும் பெண் பூச்சிப் படத்துக்கும் நடுவே கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். அட்சதை தூவினார்கள். பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பூச்சியைத் தரச் சொல்லிக் கலைவாணன் எழுந்து காதோடு கேட்டுப் பார்த்தான். “விழா முடியட்டும்பா, எங்க போய்டப் போகுது?” என்றார் இயக்குநர். நன்றியுரை வந்தது. பொன்னாடைகள் வந்தன. வாழ்த்துரை சொல்ல மறந்துபோனவர்கள் நினைவு வந்து சொன்னார்கள். மேடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டப்பாவிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. பூச்சிகள் கண்ணாடியில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தன. கலைவாணனுக்குப் பாதியில்தான் புத்தியில் பட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து ஓடினால் ஒழிய அவை நிற்கப் போவதில்லை. எழுந்தான். “உக்காருங்க, வீடியோ ஓடுது” என்று இயக்குநர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்தான்.

பந்தல் காலியானபோது சிட்டிபாபு பெட்டியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் அடங்கிடுச்சு சார். பாவம், அட்டகாசமா ஆடினுச்சுங்க.”

அசைகிற மாதிரி தெரிந்த ஒன்றைக் கலைவாணன் எடுத்து டப்பாவுக்குள் பெண் பூச்சிக்குப் பக்கத்தில் வைத்தான். அது அசைந்தது மின்விசிறிக் காற்றில். பெண் பூச்சி கொஞ்ச நேரம் அதைச் சுற்றி நடந்தது. பிறகு டப்பா மூடியில் ஏறி, வரிசை வரிசையாக முட்டையிட ஆரம்பித்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தான்.

மறுநாள் சம்பூர்ணம் கம்பிக் கதவருகே நின்றிருந்தார். மேற்குக் கூடம் அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தது.

“கறுத்துச்சா தம்பி?”

“இன்னும் இல்ல மேடம்.”

“கறுக்கும். மனசு வெச்சா கறுக்கும்” என்றார் அவர். கைப்பையைத் திறந்து மேற்குச் சாவியை எடுத்துக் காட்டினார். “இனிமே வேணும்னா நீயே வெச்சுக்கோ.”

முட்டைகள் மஞ்சளாகவே இருந்தன. சுருங்கத் தொடங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை, கீழே தறி நின்றிருந்த நேரத்தில், இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது இயக்குநரிடமிருந்து: இணைப்பு வெற்றி பெற்றதற்கான புகைப்படம் மேலிடத்துக்கு உடனே தேவை. இரண்டாவது சந்தியாவிடமிருந்து.

“கறுத்துச்சா?”

கலைவாணன் ‘இல்லை’ என்று எழுதினான். அழித்தான். ‘போய்டுச்சு சந்தியா’ என்று எழுதி, அதையும் அழித்தான். அந்த வம்சத்தைத் தவிர அவளிடம் சொல்வதற்கு அவனிடம் வேறு எந்தச் சேதியும் இல்லை. அது போய்விட்டது என்று சொல்லிவிட்டால் அடுத்த வருடம் அவள் எதைக் கேட்பாள்? அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து அஞ்சறைப் பெட்டியைத் திறந்தான்.

படம் போன சிறிது நேரத்தில் பதில் வந்தது: “அப்பாடா.” கொஞ்சம் கழித்து இன்னொன்றும் வந்தது. வருடத்தில் ஒரே ஒரு சொல் என்ற வழக்கம் முதல் முறையாக மாறியிருந்தது. “இந்தத் தடவ நல்லாத் திரண்டிருக்குது கலை.” அவன் அதைப் பலமுறை படித்தான்.

அதே படத்தை இயக்குநருக்கும் அனுப்பினான். மேலிடத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டின் சிறந்த ஒருங்கிணைப்புக்கான கேடயம் நிலையத்துக்கு வந்தது. பரிசளிப்பு விழாவில் மரபியல் அறிஞர்கள் பலர் படத்தை அருகில் போய்ப் பார்த்துப் பாராட்டினார்கள். ஆண்டறிக்கையின் அட்டையில் அது வந்தது. இப்போது நிலையத்தின் முன்கூடத்தில், ஆளுயரச் சட்டத்துக்குள், கீழே விளக்கு போட்டு மாட்டியிருக்கிறார்கள். சமநிலைப் பங்கீட்டுக்குப் பின் பிறந்த முதல் தலைமுறை என்று எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அது கடுகு.